ஈரலுக்கு எட்டாத வெளிச்சம்

செங்கோட்டை ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பேராசிரியர், பேட்டை தாண்டுவதற்குள் புற்றுநோயை ஒழித்துவிட்டார். கசங்காத சட்டை, பாதி வழுக்கை. எதைச் சொன்னாலும் கடைசியில் "புரியுதா?" என்று கேட்பார், பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்.

"தப்பா வேலை பாக்குத ஜீனோட வாயை அடைக்கிற மருந்து வே அது. கண்ணுக்குத் தெரியாத பொட்டலத்துல வச்சு செல்லுக்குள்ள அனுப்புதோம். வெளிச்சம் பட்டாத்தான் பொட்டலம் பிரியும். எங்க அடிக்கோமோ அங்கன மட்டும் மருந்து. புரியுதா?"

நான்கு நாடுகளில் இதைப் பேசிக் கைதட்டு வாங்கியதாகவும் சொன்னார். அடுத்தது மந்திரிசபையிலும் பேசியதாகச் சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

என் பக்கத்தில் ஸ்கேன் உறையை மடியில் வைத்திருந்த பெண் மெல்லக் கேட்டாள்.

"எங்க வீட்டு ஆளுக்கு ஈரல்ல கட்டி சார். அவ்வளவு உள்ள வெளிச்சம் எப்படிப் போவும்?"

அவர் அவள் மடியிலிருந்த உறையைப் பார்த்தார்.

"போவாதும்மா. அதுக்கு இன்னும் சரியான வழி தெரியல. எலிக்குக்கூட தோலுக்கடியில இருக்கிற கட்டியிலதான் செஞ்சு பாத்திருக்கோம்."

"நாலு நாட்டுலயும் இதை யாரும் கேக்கலியா சார்?" அவள் குரலில் கேலி இல்லை.

"கேட்டாங்க. நான் வேற பேச்சுக்குப் போயிட்டேன்."

படித்தவர்கள் நிறைந்த அத்தனை அரங்குகளில் மழுப்பிய மனிதர், அம்பாசமுத்திரத்தில் இறங்கிப் போன அந்தப் பெண்ணிடம் மட்டும் ஏன் மழுப்பவில்லை என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.