பெரியப்பாவின் இறைப்பு மிசினும் இரண்டு கம்பிகளும்

என் அப்பா செத்துவிட்டார் என்று பெரியப்பா தீர்மானித்தபோது எனக்கு எட்டு வயது. அப்பா கப்பலில் றேடியோ வேலை பார்த்தவர். ஒரு வருசமாகக் கடிதம் இல்லை. யாழ்ப்பாணத்துக்கு அந்த நாட்களில் யாருடைய கடிதந்தான் ஒழுங்காக வந்தது? இருந்தாலும் பெரியப்பா எங்கள் முற்றத்தில் வந்து நின்று, வருகிற ஆடி அமாவாசைக்கு என் அண்ணன் தகப்பனுக்கு விரதம் பிடிக்க வேண்டும் என்றார்.

"தேப்பன் இருக்கிற பிள்ளை உந்த விரதம் பிடிக்கிறேல்லை, அத்தான்," என்றார் அம்மா.

"இருக்கிறான் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"இல்லையெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

அன்றிலிருந்து அம்மாவின் குங்குமப் பொட்டு இரண்டு மடங்கு பெரிதாயிற்று.

எங்களோடு இருந்த சித்தப்பாவுக்கும் அப்பாவுக்கும் ஒரு பேச்சு இருந்தது. கரையில் எங்கே நின்றாலும், வானொலிச் சிநேகிதர் ஒருவர் வீட்டிலிருந்து, வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் விளக்கு வைக்கிற நேரம் அப்பா றேடியோவில் தந்தி அடித்துக் கூப்பிடுவார். சித்தப்பாவிடம் கேட்கிற பெட்டி மட்டுமே மிஞ்சியிருந்தது. அனுப்புகிற பெட்டியைச் சண்டை தொடங்கியபோதே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கரண்டும் இல்லை. பகலெல்லாம் அம்மா சைக்கிள் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பற்றறி ஏற்றுவார்.

பொழுதுபடும் நேரந்தான் தூரத்துச் சத்தம் வந்து சேரும். அந்த நேரம் பார்த்துத்தான் பெரியப்பா தோட்டத்துக்கு மண்ணெண்ணெய் இறைப்பு மிசினைப் போடுவார். அதன் பிளக் அடிக்கிற பொறி பெட்டிக்குள் படபடவென்று பொரியும். அரை மணித்தியாலம் நிற்பாட்டச் சொல்லிக் கேட்டதற்கு, "செத்தவனுக்காக என்ரை வெங்காயம் காயவோ?" என்றார். கடவுள் அவரை மன்னிக்கட்டும். அந்த வருசம் வெங்காயம் நன்றாகவே விளைந்தது.

"அவர் இறைக்கட்டும். நாங்கள் பெட்டிக்குள்ளை அவரைக் கேக்காமல் விடுவம்," என்றார் சித்தப்பா.

வேலிக் கதியால்களோடு ஏற்கெனவே ஒரு நீளக் கம்பி ஓடியது. அதற்கு அப்பால், பெரியப்பாவின் தோட்டத்திலிருந்து இன்னும் தள்ளி, இன்னொன்றை இழுத்தார். மிசினின் பொறிச் சத்தம் கிட்ட இருக்கும் கம்பிக்கு முதலில் வரும், மற்றதற்குக் கொஞ்சம் பிந்தி வரும். முந்தி வருவதைச் சுருள் வயருக்குள் சுற்றி வரப்பண்ணி, இரண்டையும் ஒரே நேரத்தில் சேர்த்து, ஒன்றின் முனைகளை மாற்றிப் பூட்டினால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். அப்பாவின் சத்தம் மற்றப் பக்கத்திலிருந்து வருவதால் தப்பிவிடும். அந்தச் சுருளின் நீளம் சரிவர இரண்டு வெள்ளிக்கிழமைகள் போயின.

அமாவாசைக்கு முந்திய வெள்ளி. அம்மா விளக்கேற்றி, எங்களுக்குப் பூசிய திருநீற்றைப் பெட்டிக்கும் பூசினார். சித்தப்பா வயரை முழம் முழமாக வெட்டினார். வெட்ட வெட்டப் பெரியப்பா மெலிந்துகொண்டே போனார். வெளியே மிசின் இரைகிறது, வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, பெட்டிக்குள் பெரியப்பா இல்லை!

அந்த அமைதிக்குள் மெல்லிய கீச்சுச் சத்தம் ஒன்று விட்டுவிட்டு வந்தது.

"அண்ணைதான்! அண்ணை தந்தி தட்டுற கைதான்!" சித்தப்பா பென்சிலை எடுத்து எழுதினார். "அவர் அனுப்புற பேரடையாளமும் சரி, அண்ணி."

"என்ன சொல்லுறார்? என்னைக் கேட்டவரோ?" என்றேன் நான்.

"ஆராவது கேக்கிறியளோ எண்டு எல்லாரையும் கூப்பிடுறார்."

எல்லாரையுமா? எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்பா கூப்பிட்டார், பேசாமல் இருந்தார், திரும்பக் கூப்பிட்டார். அவர் பேசாமல் இருந்த ஒவ்வொரு முறையும் அம்மா பெட்டிக்குக் கிட்டக் குனிந்து, "ஓம், இருக்கிறம். நாலு பேரும் இருக்கிறம்," என்றார்.

நான் சிரித்தேன். "உது கேக்கிற பெட்டியம்மா. நீங்கள் கதைக்கிறது போகாது."

"போகாட்டிப் போகட்டும். கூப்பிடுறவருக்குப் பதில் சொல்லாமல் இருக்கிறதோ?"

அமாவாசை அன்று காலையில் அம்மா அண்ணனைப் பெரியப்பாவின் வேலிக்கு நேரே இருத்தி, வயிறு முட்டப் பிட்டுக் கொடுத்தார்.

சேதிக்குக் காத்திருந்தவர்கள் நாங்கள் மட்டுந்தான் என்று நான் நினைத்திருந்தேன். குண்டு விழுந்தது எங்கள் ஊரில். நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று தெரியாமல் கடலுக்கு அப்பால் ஒரு மனிதர் வெள்ளிக்குவெள்ளி கேட்டுவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.