பத்து நாள் என்றார் டாக்டர்

அம்மாவுக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது, இன்னும் பத்து நாள்தான், சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார் ஓசூர் டாக்டர். ஸ்கேனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். கம்பெனியில் மிச்சமிருந்த லீவு முழுவதையும் ஒரே மூச்சில் போட்டுவிட்டு, அவளைக் குருபரப்பள்ளி வீட்டுக்குக் கூட்டிவந்தேன். உயிர் போகும்போது பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

சொந்தம் வந்து குவிந்தது. பாரூரிலிருந்து வந்த மாமா, பிறந்த வீட்டுக் கோடியைக் கடைசி நேரத்தில் எங்கே தேடுவது என்று சேலையைக் கையோடு வாங்கிவந்து பைக்குள் ஒளித்துவைத்திருந்தார். பத்தாம் நாள் எல்லோரும் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பதினோராம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்து களி கேட்டாள். சாப்பிட்டுவிட்டு மாமாவின் பையை இழுத்துப் பார்த்தாள்.

"எனக்குத்தான எடுத்த? உசுரோட இருக்கறப்பவே கட்டிப் பாக்கறேன், குடு."

மாமாவுக்கு முகம் செத்துப்போயிற்று. அம்மா அதைக் கட்டிக்கொண்டு வாசல்வரை நடந்தே காட்டினாள். மறுநாள் சொந்தங்கள் பஸ் ஏறின. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று டாக்டரை நான் ஊரெல்லாம் கிண்டல் செய்தேன்.

அடுத்த முறை போனபோது அதே டாக்டர், மாத்திரை கேட்கிறது, இரண்டு மாதத்துக்குப் பயமில்லை என்றார். பத்து நாளைக் கிண்டல் செய்த நான் இரண்டு மாதத்தை அப்படியே விழுங்கினேன். நல்ல வாக்கு என்றால், சொன்னது யார் என்று கேட்கத் தோன்றுவதில்லை.

லீவும் தீர்ந்திருந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் காலையில் அம்மா என் கையைப் பிடித்தாள்.

"இன்னிக்கு ஒரு நாளு போவாத கண்ணு."

"டாக்டர் ரெண்டு மாசம்னு சொல்லியிருக்காரும்மா" என்று கையை விடுவித்துக்கொண்டேன். கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

எங்கள் கம்பெனியில் கேட்டிலேயே செல்போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். ஷிப்டு முடிந்து எடுத்தபோது ஒன்பது மிஸ்டு கால். நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

இப்போது வீட்டில் நான் ஒருத்திதான். மழை எப்போது வரும், யாருக்கெல்லாம் வேலை போகும் என்று டிவியில் யாராவது நாள் குறித்துக்கொண்டே இருப்பார்கள். ஒன்றையும் நம்புவதில்லை; ஆள் சத்தம் வேண்டும் என்று போட்டுவைக்கிறேன். போனிலிருந்து அந்த ஒன்பதை மட்டும் அழிக்க மனம் வரவில்லை. ஏழு, பக்கத்து வீட்டு அக்கா அடித்தவை. முதல் இரண்டும் அம்மாவே அடித்தவை.