இருநூத்தி எண்பது கிலோ குடும்பம்

எங்க வீட்டுக்காரருக்கு லாரி எடை போடற வேலை. பழைய இரும்புக் கடைகள் வரிசையா இருக்கற ரோட்டோட கடைசியில ஒரு எடைமேடை இருக்கு. தரைமட்டத்துல பெரிய இரும்புப் பலகை. லாரி அதுமேல வந்து நிக்கும், இவரு பக்கத்துல இருக்கற சின்ன ரூம்ல உக்காந்து பட்டனைத் தட்டுவாரு, ஸ்லிப்பு வரும். இருபத்திரண்டு வருஷமா இதே வேலைதான். அதனால எதைப் பாத்தாலும் அவருக்கு எடையாத்தான் தெரியும். மத்தவங்க கைக்குழந்தையைத் தூக்கினா கொஞ்சுவாங்க. இவரு வாங்கி ரெண்டு தடவை மேலயும் கீழயும் ஆட்டிப் பாத்துட்டு, "எட்டு நானூறு"ன்னு சொல்லித் திருப்பிக் குடுத்துருவாரு. எத்தனை வீட்டுல எனக்கு மானம் போயிருக்கு தெரியுமா.

அப்படிப்பட்ட மனுஷன் தன்னோட எடையை மட்டும் கண்டுக்கவே இல்ல. அவங்க ஆபீஸ்ல ஏற்பாடு பண்ணின மருத்துவ முகாமுக்கு நாங்க நாலு பேரும் போனோம். அவரு, நானு, காலேஜ் போற பையன், பத்தாவது படிக்கிற பொண்ணு. எல்லாருக்கும் எடை எடுத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க. டாக்டரம்மா எங்க மூணு பேரோட சீட்டைச் சும்மா புரட்டிட்டு, அவரோட சீட்டுல மட்டும் பேனாவை வெச்சு நிறுத்தினாங்க.

"தொண்ணூத்தெட்டு கிலோ. சக்கரை வாசப்படியில நிக்குது, இன்னும் உள்ள வரலை. மூணு மாசம் டைம் தரேன். பொரிச்சது, இனிப்பு, பாக்கெட்ல வர்றது எல்லாத்தையும் நிறுத்துங்க. இவருக்கு மட்டும் தனியா சமைச்சா ஒரு வாரம்கூட தாங்காது. குடும்பமே சேர்ந்து மாறணும்."

எங்கப்பா சக்கரையிலதான் போனாரு. முதல்ல கால் விரலு, அப்புறம் காலு, அப்புறம் ஆளே இல்ல. இன்னொரு தடவை அதைப் பாக்க எனக்குத் தெம்பு கிடையாது. இந்த மனுஷன் எனக்கு வேணும். எட்டு நானூறுன்னு உளறிக்கிட்டாவது பக்கத்துல உக்காந்திருக்கணும். அவ்வளவுதான் நான் கேட்டது.

அவரு என்ன பண்ணினாரு தெரியுமா? டாக்டரம்மா சொன்னதுல "குடும்பமே சேர்ந்து"ங்கறதை மட்டும் கெட்டியாப் புடிச்சுக்கிட்டாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில எங்க மூணு பேரையும் எழுப்பி, பல்லைக்கூட ஒழுங்கா விளக்க விடாம எடைமேடைக்குக் கூட்டிட்டுப் போனாரு.

"ஏங்க, மருந்துக்கடையிலயே ஒரு மெஷின் இருக்கே. ஏறி நின்னாப் போதும்."

"அதெல்லாம் பொம்மை. என்னோடது முத்திரை போட்ட மேடை. வருஷத்துக்கு ஒரு தடவை அதிகாரி வந்து சோதிச்சு சீல் வெக்கிறாரு. மருந்துக்கடை மெஷினை எவன் சோதிச்சான்?"

"ஒவ்வொருத்தரா ஏறணுமாப்பா?"ன்னு பொண்ணு கேட்டா.

"லாரியை எடை போடறப்ப டயர் தனி, எஞ்சின் தனின்னு கழட்டியா போடறோம்? வண்டி ஒண்ணு, எடை ஒண்ணு. எல்லாரும் ஏறுங்க."

ஏறினோம். அப்புறம்தான் ஒரு சிக்கல் தெரிஞ்சது. பட்டன் ரூமுக்குள்ள இருக்கு, பட்டனைத் தட்டற ஆளு மேடை மேல நிக்கறாரு. மனுஷன் அசரலையே! தரை துடைக்கிற மாப்புக் கட்டையை ஜன்னல் வழியா உள்ள விட்டு, நாக்கைக் கடிச்சுக்கிட்டு, ஒரு கண்ணை மூடிக்கிட்டுக் குத்தினாரு. நாலாவது குத்துல ஸ்லிப்பு வந்துது. அவரு ஏறறதுக்கு முன்னாடியே உள்ள அடிச்சு வெச்சிருந்தபடி, வண்டி எண் இருக்கற இடத்துல எங்க வீட்டு நம்பர். சரக்குன்னு இருக்கற இடத்துல "குடும்பம்". எடை இருநூத்தி எண்பது கிலோ.

பையன் ஸ்லிப்பை வாங்கிப் பாத்தான். "அப்பா, இது இருபது இருபதாத்தானே காட்டும்? இருநூத்தி எழுபத்தொண்ணு இருந்தாலும் எண்பதுன்னுதான் அடிக்கும், எண்பத்தொன்பது இருந்தாலும் எண்பதுன்னுதான் அடிக்கும். இதை வெச்சு என்னத்தைத் தெரிஞ்சுக்கறது?"

"இருபது கிலோ லாரிக்குத் தூசுடா."

"நாம லாரி இல்லையேப்பா!"

"அடிச்ச ஸ்லிப்பு அடிச்சதுதான்"னு சொல்லி, அதை வீட்டுக்குக் கொண்டுவந்து ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டினாரு.

அன்னிக்கே நான் சமையல்கட்டை தலைகீழாப் புரட்டினேன். சிப்ஸ், கிரீம் பிஸ்கட், கேக்கு, கூல்டிரிங்க்ஸ் எல்லாத்தையும் மூட்டை கட்டி வெளியேத்தினேன். சாயங்காலம் பசிச்சா வெள்ளரிக்காய், வேகவெச்ச பயறு, ஒரு பழம். ராத்திரி சோத்தைக் குறைச்சு காய் கூட்டு. மத்தியானத்துக்கு அவருக்கு டிபன் டப்பாவுல அளவாக் கட்டிக் குடுத்தேன். டாக்டரம்மா சொன்னதுல ஒரு எழுத்து விடல. மூணு நாள் எல்லாரும் தேவதைங்க மாதிரி வெள்ளரிக்காயைக் கடிச்சோம்.

நாலாவது நாள் எனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு. நான் வீட்டுலயே ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறவ. காலையிலருந்து மெஷின் மிதிச்சிட்டு, நாலு மணிக்கு ஒருத்தி எத்தனை நாளைக்குத்தான் பச்சைக் காயைக் கடிப்பா? மூலைக்கடையில ஒரு கிரீம் பிஸ்கட் வாங்கி தையல் மெஷின் டிராயர்ல நூல்கண்டுக்கு அடியில வெச்சேன். ஒரு நாளைக்கு ரெண்டுதான்னு எனக்கு நானே சத்தியம் பண்ணிக்கிட்டேன். ரெண்டுங்கறது ரெண்டு பாக்கெட்டுன்னு ஆனதுக்கு ரொம்ப நாள் ஆகல.

என் வயித்துல பொறந்ததுங்க மட்டும் என்ன லேசா? பையனோட ஹெல்மெட்டைத் தூக்கினா உள்ளருந்து சிப்ஸ் கொட்டுது. பொண்ணு சாக்லேட்டை எல்லாம் அவளோட நாப்கின் பாக்கெட்டுக்குள்ள சொருகி வெச்சிருந்தா. அப்பனும் அண்ணனும் செத்தாலும் அதைத் தொட மாட்டாங்கன்னு தெரியும் கழுதைக்கு. நான் பாத்தேன். கேக்கலாம்னு வாயைத் திறந்தேன். என் உதட்டு ஓரத்துல கிரீம் ஒட்டியிருந்துது. மூடிக்கிட்டேன்.

மூணாவது ஞாயித்துக்கிழமை ஸ்லிப்புல முந்நூறுன்னு வந்துச்சு.

ஐயோ, அந்த மனுஷன் மூஞ்சியைப் பாக்கணுமே! ஈயாடலை. "இருபது கிலோ! மூணு வாரத்துல இருபது கிலோ சரக்கு ஏறியிருக்கு. எங்கருந்து ஏறுச்சு?" எங்களை மேடையை விட்டு இறங்க விடல. சுத்திச் சுத்தி வந்து ஒவ்வொருத்தர் பாக்கெட்டாத் தடவினாரு. சாவிக்கொத்தை வாங்கி கீழ வெச்சாரு. என் வளையலைக் கழட்டச் சொன்னாரு. பொண்ணோட ஷூவைக் கழட்டி உதறினாரு. அவரு மறுபடியும் மாப்புக் கட்டையால குத்தினா மறுபடியும் முந்நூறு.

"அது ஒரு கிலோ கூடியிருந்தாக்கூட அப்படித்தாம்பா காட்டும்"னு பையன் முணுமுணுத்தான். நான் அவனை முறைச்சேன். ஒரு கிலோன்னா அது யாரோடதுன்னு கேள்வி வருமே.

"யாராவது எதாவது சாப்பிட்டீங்களா?"

நாங்க மூணு பேரும் திருதிருன்னு முழிச்சோம். "நானா? சேச்சே"ன்னு நான்தான் முதல்ல சொன்னேன், அதையும் சொல்லிடறேன். அவரு எங்க மூணு பேரையும் ஒரு நிமிஷம் பாத்தாரு. "சரி, வாங்க"ன்னு ஸ்லிப்பை மடிச்சு சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. அந்த ஒரு ஸ்லிப்பை மட்டும் ஃபிரிட்ஜ்ல ஒட்டல.

அடுத்த வாரம் பழையபடி இருநூத்தி எண்பது. அதுக்கடுத்த வாரமும் அதே. எங்களுக்குக் குளிர் விட்டுப்போச்சு. அடடா, ஒளிச்சு வெச்சு சாப்பிட்டாலும் எடை ஏறலையே, இது நல்ல மேடையா இருக்கேன்னு வெளுத்து வாங்கினோம். நான் டிராயர் பத்தாம துணி பீரோவுக்கு மாறினேன். இதுல இன்னொரு சந்தோஷம், அவரு கண்ணு முன்னாடியே இளைச்சுக்கிட்டு வந்தாரு. பேன்ட் இடுப்புல நிக்கல. பெல்ட்டுல நானே ஊசியைச் சூடு பண்ணி புதுசா ரெண்டு ஓட்டை போட்டுக் குடுத்தேன். தினமும் டிபன் டப்பா துடைச்சு வெச்ச மாதிரி காலியா வந்துச்சு. நம்ம கைப்பக்குவம் வேலை செய்யுதுன்னு தெருவெல்லாம் பீத்திக்கிட்டேன். எதிர்வீட்டு அக்கா வந்து என்ன சமைக்கிறேன்னு எழுதியே வாங்கிட்டுப் போனாங்க.

பத்தாவது ஞாயித்துக்கிழமை மேடை மேல நிக்கறோம். மாப்புக் கட்டையை ஜன்னலுக்குள்ள நீட்டினாரு. கட்டை பட்டனை விட்டுச் சுவத்தைக் குத்துச்சு. "என்னங்க?"ன்னு கேக்கறதுக்குள்ள கட்டை ஒரு பக்கம், மனுஷன் ஒரு பக்கம். இரும்புப் பலகை மேல தடால்னு விழுந்துட்டாரு.

நான் கத்தினது எனக்கே கேக்கல. பொண்ணு அப்பா அப்பான்னு கன்னத்தைத் தட்டறா. எதுக்கோ நிமிந்து பாத்தேன். ஜன்னலுக்கு மேல எடை காட்டற பெட்டியில சிவப்பு எழுத்துல இருநூத்தி எண்பதுன்னு எரியுது. கட்டின புருஷன் காலடியில விழுந்து கெடக்கறாரு, அதுக்கு ஒரு புள்ளிகூட மாறல. அந்த மெஷினை உடைக்கணும்னு வந்துச்சு எனக்கு.

வரிசையில நின்ன, தினமும் அங்க வர்ற ஒரு லாரி டிரைவர்தான் ஓடி வந்து தூக்கி, அவரு வண்டியிலயே கிளினிக்குக் கொண்டுபோய்ச் சேத்தாரு. அதே டாக்டரம்மா. குளுக்கோஸ் ஏத்தினாங்க. கண்ணு திறந்ததும் கையைப் புடிச்சு மெதுவா எடை மெஷின்ல ஏத்தினாங்க. எண்பத்தேழு.

"பத்து வாரத்துல பதினொரு கிலோவா? என்ன சாப்பிட்டாரு இவரு?"ன்னு என்கிட்ட கேட்டாங்க.

"நீங்க சொன்னபடிதாம்மா. மத்தியானம்கூட அளந்து கட்டிக் குடுக்கறேன்."

வாசல்ல நின்ன டிரைவர் தலையைச் சொறிஞ்சாரு. "அக்கா, தப்பா நினைக்காதீங்க. அண்ணன் மத்தியானம் சாப்பிடறதே இல்ல. டப்பாவை அங்க இருக்கற நாய்க்கு வெச்சிருவாரு. அது இப்ப பீப்பா மாதிரி ஆயிருச்சு, ஹார்ன் அடிச்சாக்கூட எந்திரிக்க மாட்டேங்குது."

டாக்டரம்மா என்ன நினைச்சாங்களோ, எங்க மூணு பேரையும் வரிசையா மெஷின்ல ஏறச் சொன்னாங்க. பழைய சீட்டை எடுத்துப் பக்கத்துல வெச்சுக்கிட்டாங்க. நான் நாலு கிலோ ஏறியிருந்தேன். பையன் நாலு. பொண்ணு மூணு. அவங்க பேனாவை மூடி வெச்சுட்டு எங்களை ஒரு பார்வை பாத்தாங்க. அதுக்குத் திட்டியிருக்கலாம்.

நாலும் நாலும் மூணும் பதினொண்ணு. கூட்டிப் பாக்கப் படிப்பு வேண்டாம். அந்த மனுஷன் உடம்புலருந்து கரைஞ்சதை நாங்க மூணு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டுத் தின்னிருக்கோம்.

"உங்களுக்கு இது தெரியுமா?"ன்னு அவருகிட்ட கேட்டேன்.

"தெரியும்"னாரு. "முந்நூறு அடிச்ச அன்னிக்கே தெரியும். டிராயரு, ஹெல்மெட்டு, எல்லாம் தூக்கிப் பாத்தேன். வெறும் டிராயரு அவ்வளவு கனக்காது."

"தெரிஞ்சா கேக்க வேண்டியதுதானே? ரெண்டு அறை விட வேண்டியதுதானே?"

"வண்டியில பின்னால பாரம் ஏறினா முன்னால இறக்கி சரி பண்றதில்லையா? அதான் பண்ணினேன். மொத்தம் சரியா நிக்குதான்னு பாத்தேன், நின்னுச்சு." குளுக்கோஸ் ஏறுன கையைத் திருப்பிப் பாத்துக்கிட்டாரு. "நீங்க மூணு பேரும் ஒளிச்சு வெச்சுத் தின்னுட்டு வரப்ப மூஞ்சியில ஒரு சந்தோஷம் தெரியுது. என் சக்கரைக்காக அதைப் புடுங்கணுமான்னு இருந்துச்சு."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒண்ணா முட்டிக்கிட்டு வந்துது. "நல்லா நின்னுச்சு உங்க மொத்தம்! இன்னும் ஒரு வருஷம் இப்படியே போகட்டும். அப்பவும் ஸ்லிப்புல அதே இருநூத்தி எண்பதுதான் அடிக்கும். நாங்க மூணு பேரு நிப்போம். நீங்க இருக்க மாட்டீங்க. அந்த ஸ்லிப்பை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, சொல்லுங்க!"

கிளினிக்கே திரும்பிப் பாத்துது. பாக்கட்டும். அவரு மேல கூரையைப் பாத்துக்கிட்டே படுத்திருந்தாரு. மனசுக்குள்ள மூணு பேரை நிக்க வெச்சு எடை போட்டுப் பாக்கறாருன்னு எனக்குத் தெரிஞ்சுது. அப்புறம் என் பக்கம் திரும்பினாரு.

"பசிக்குது"ன்னாரு.

பத்து வாரத்துல அந்த வார்த்தையை அவரு வாயால அன்னிக்குத்தான் கேட்டேன். அடுத்த நொடி மூணு கை நீண்டுச்சு. பையன் பாக்கெட்லருந்து சிப்ஸு, பொண்ணு பையிலருந்து சாக்லேட்டு, என் கைப்பையிலருந்து கிரீம் பிஸ்கட்டு. டாக்டரம்மா அப்படியே வாயைப் பொளந்துட்டாங்க. நாங்க மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டோம்.

பையன்தான் ஓடிப்போய் வேகவெச்ச முட்டையும் ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கிட்டு வந்தான். கட்டில்லயே பேப்பரை விரிச்சு நாலு பேரும் சுத்தி உக்காந்தோம். அவரு ஒரு முட்டையைத் தின்னுட்டு, பொண்ணு கையில இருந்த வாழைப்பழத்தைக் காட்டி, "அதுல பாதி குடு"ன்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டப்பதான் நான் அழுதேன்.