வீம்பு என்றால் வீம்புதான்

இட்லியை ரசத்தில் ஊறவிட்டு, விரல்நுனியால் கட்டியில்லாமல் மசிக்கிறாள் முத்துசெல்வி. ஒரு சொட்டை மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்க்கிறாள். நாறும்பூநாதனின் கழுத்தில் துண்டைக் கட்டுகிறாள். கட்டிலின் வலப்பக்கம், ஜன்னலோரமாகக் கிடக்கும் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து கரண்டியை நீட்டுகிறாள். அவர் வாய் திறக்கவில்லை.

"பாத்தியளா, வீம்பு" என்கிறாள், யாரிடமென்றில்லாமல்.

தென்காசி வட்டாரத்தில் படுக்கையில் விழுந்தவர்களைப் பார்த்துக்கொள்வது அவள் தொழில். கை சுத்தம். அவள் பார்த்த ஒருவருக்கும் முதுகில் புண் வந்ததில்லை. தன் சாப்பாட்டை நின்றுகொண்டே முடித்துவிடுவாள். பழைய நோயாளிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடமாட்டாள். புளியங்குடி வாத்தியார், வீரகேரளம்புதூர் பெரியம்மா என்றுதான் சொல்வாள். வாசற்படி ஏறும்போதே உள்ளே கிடப்பவரின் குணம் தனக்குத் தெரிந்துவிடும் என்பாள். கணிப்பு தப்பிய வீடுகளைப் பற்றிக் கேட்டால், அப்படி எதுவும் நினைவில்லை என்பாள். பொய்யில்லை. உண்மையிலேயே நினைவில்லை.

நாறும்பூநாதன் ஜவுளிக்கடை நடத்தியவர். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்தது, பேச்சும் போனது. வாயில் வைத்ததில் பாதி வலக்கன்னத்தில் ஒதுங்கித் துண்டில் வழியும். மீதிக்கு வாயே திறக்காது. எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. இந்த வாரமும் இப்படியே போனால் மூக்கில் குழாய் போடவேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

குத்துக்கல்வலசையில் அந்த வீட்டுக்குள் ஆளுக்கொரு காரணம் இருந்தது. மகன் விஜயசங்கருக்கு, அப்பா பிறவிப் பிடிவாதக்காரர். அஞ்சல்வழியில் உளவியல் படிக்கும் மருமகள் கோமதிக்கு, அது மனச்சோர்வு. முத்துசெல்விக்கு வீம்பு. ஞாயிற்றுக்கிழமை மகன் இடப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு ஊட்டினால் கிண்ணம் காலியாகிறதே, அது போதாதா? புளியங்குடி வாத்தியாரும் மகன் கையால்தான் சாப்பிட்டார். அவள் லீவு எடுத்த ஒருநாள் அதே நாற்காலியில் உட்கார்ந்து கோமதி ஊட்டியபோதும் சாப்பிட்டாரே என்று கேட்டதற்கு, அன்றைக்கு அவருக்குப் பசி என்று சொல்லிவிட்டாள் முத்துசெல்வி.

"அக்கா, நீங்க நெனச்சதுக்குத் தோதா இருக்கத மட்டுந்தான் பாக்குதிய" என்றாள் கோமதி, பக்குவமாக.

"நீங்க மட்டும் என்னம்மா? புஸ்தகத்துல சோகம்னு பாடம் நடக்குது, இங்கன அண்ணாச்சியும் சோகமாயிட்டாவ. அடுத்த பாடம் என்னன்னு சொல்லுங்க, அதுக்கும் தயாரா இருப்போம்."

வியாழக்கிழமை குற்றாலத்துப் பக்கமிருந்து காற்று திரும்பியது. கொக்கி சரியில்லாத ஜன்னல் வழியே சாரல் அடித்து ஸ்டூலை நனைத்தது. முத்துசெல்வி அதைத் துடைத்துக் கட்டிலின் இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தாள். கரண்டி வருவதை நாறும்பூநாதனின் கண் பார்த்தது. வாய் திறந்தது. உணர்வுள்ள கன்னத்தில் விழுந்த கவளம் தொண்டையில் இறங்கியது. அடுத்ததும் இறங்கியது.

வாதம் விழாத பக்கம் இருந்து ஊட்ட வேண்டும், விழுந்த பக்கம் வருவது சிலருக்குக் கண்ணிலேயே படாது என்பது பயிற்சியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்தான். வீம்பு என்று தீர்மானமான பிறகு அது தேவைப்படவில்லை.

கழுத்துத் துண்டை அவிழ்த்தாள். காய்ந்திருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோமதி வாசலில் வந்து நின்று காலிக் கிண்ணத்தைப் பார்த்தாள், ஸ்டூலைப் பார்த்தாள்.

"சாரல் அடிச்சா யாருக்கும் பசிக்கத்தான செய்யும்" என்றாள் முத்துசெல்வி.

மறுநாள் காலை சுள்ளென்று வெயில். ஜன்னலோரத் தரை உலர்ந்து கிடந்தது. முத்துசெல்வி இட்லியை மசித்தாள், சூடு பார்த்தாள், கட்டிலின் இடப்பக்கமே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஏதோ நினைவு வந்தவளாக எழுந்து, கட்டிலைச் சுற்றிப் போய், ஸ்டூல் முன்பு கிடந்த இடத்தில் யாரும் உட்கார முடியாதபடி தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வைத்துவிட்டு வந்தாள்.