செவலை கத்துகிறது, இன்ஜின் சுடுகிறது

மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவனுக்கு மாட்டைப் பற்றித் தெரிந்திருந்தால் மட்டும் போதாது. அந்த மாடு கட்டியிருக்கும் ஊர்வரைக்கும் இன்ஜினைக் கொதிக்கவிடாமல் கொண்டுபோய்ச் சேர்க்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் ஒரு பால் சங்கத்தில் எனக்கு அந்த வேலை. ஆத்தூர், சித்தையன்கோட்டை, நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்கள் என் பொறுப்பு. மாடு பருவத்துக்கு வந்தால் கத்தும். காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி போட்டாக வேண்டும். விட்டால் மறுபடி மூன்று வாரம் காத்திருக்க வேண்டியதுதான், அதுவரை போடும் தீனி தண்டம். என் வண்டியோ நூறு சிசி டூ ஸ்ட்ரோக். அதன் பக்கவாட்டில் திரவ நைட்ரஜன் கேன் ஒன்று தொங்கும். காளையின் விந்து அடைத்த மெல்லிய குழாய்கள் அதற்குள் உறைந்து கிடக்கும். வேகமாகப் போனால் கேன் குலுங்கி நைட்ரஜன் ஆவியாகும். மெதுவாகப் போனால் காற்றுப் படாமல் இன்ஜின் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கண் ரோட்டில் இருந்தாலும் காது எப்போதும் இன்ஜினில்தான் இருக்கும். நடுவழியில் வண்டியை நிறுத்திவிட்டு, அது ஆறுவதற்காகக் கையைப் பிசைந்துகொண்டு நின்றவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், நாம் ஒரு வகையில் சொந்தக்காரர்கள்.

முழங்காலுக்கு மறைப்பு

சித்தையன்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் ஆரோக்கியம் அக்காவுக்கு ஒரே ஒரு மாடு. பெயர் செவலை. பால் வற்றிப்போய் நின்றது. சினை பிடிக்கவில்லை என்றால் சந்தைக்கு ஓட்டிவிடுவதாக வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா அதைப் பெற்ற பிள்ளைக்கு மேலாக வைத்திருந்தவர். செவலை கத்துகிறது என்று சங்கத்துக்குப் போன் வந்ததும் மதியமே கிளம்பினேன். அந்த ஊருக்குப் போக ஒரு வறண்ட ஓடையைத் தாண்ட வேண்டும். கணுக்கால் புதைகிற மணல். முதல் கியரில் உறுமிக்கொண்டு பாதி தூரம் போன வண்டி, பின்சக்கரம் இறுகி அப்படியே நின்றுவிட்டது. கரையில் இருந்த புளியமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்து, பொழுது இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செவலையின் நேரம் போய்விட்டது.

மறுநாள் வண்டியைப் பேகம்பூர் மெக்கானிக் காதர் பாயிடம் மினிவேனில் ஏற்றிக்கொண்டு போனேன். பேண்ட்டில் சேறு அடிக்கிறது என்று அதற்கு முந்தின வாரம்தான் முன்பக்கக் கம்பியில் ஒரு ரெக்ஸின் துணியை இழுத்துக் கட்டியிருந்தேன். பாய் ஸ்பேனரைத் தொடவே இல்லை. ரெக்ஸினை ஒரு விரலால் தூக்கி உள்ளே இருந்த இன்ஜினைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "இது என்ன சார் பிள்ளை பெத்த ஒடம்பா, காத்துப் படக் கூடாதுன்னு இப்படிப் பொத்தி வச்சிருக்கீக?"

அவித்த மல்லிகை

ரெக்ஸினைக் கழற்றி எறிந்த தைரியத்தில் இருந்தபோது, நிலக்கோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்துக்காரர் கையைக் காட்டி மறித்தார். பூ வேன் போய்விட்டதாம், மார்க்கெட்வரை ஒரு மூட்டையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் போதுமாம். பின் சீட்டில் என் ஊசிச் சாமான் பெட்டி இருந்ததால் மூட்டையை டேங்க் மேல் வைத்துக் கட்டினோம். போகப்போக அது சரிந்து முன்பக்கம் தொங்கி, இன்ஜினைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. வண்டியின் சத்தம் மாறுவது எனக்குக் கேட்டது. பூ வாடிவிடுமே என்கிற பயத்தில் நிறுத்தாமல் ஓட்டினேன். மார்க்கெட் வாசலில் வண்டி தானாகவே நின்றது. கமிஷன் கடைக்காரர் மூட்டையைப் பிரித்து, ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "பூவை வேக வச்சுல்ல கொண்டாந்திருக்கீக, இனி இது சாமிக்கு ஆகாது, தாளிச்சா சோத்துக்குத் தொட்டுக்கிற வெஞ்சனத்துக்கு ஆகும்."

சூசையின் வைத்தியம்

மூன்று வாரம் கழித்துச் செவலை மறுபடி கத்தியபோது என் வண்டி பாயிடம் பிரிந்து கிடந்தது. கூட வேலை பார்த்த சூசையின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி அனுப்பிவைத்தேன். ஓடை மணலைப் பற்றிச் சொல்லித்தான் அனுப்பினேன். அவனும் அதே மணலில், அதே முதல் கியரில் போய் நின்றான். இன்ஜினிலிருந்து கருகல் வாசம் வரவும் அவனுக்கு மூளை வேலை செய்துவிட்டது. உலகத்திலேயே குளிர்ச்சியான சாமானைப் பக்கத்தில் தொங்கவிட்டுக்கொண்டு எதற்குக் காத்திருக்க வேண்டும்? கேனைத் திறந்து நைட்ரஜனை அப்படியே சிலிண்டர் மேல் கவிழ்த்துவிட்டான்.

படீர் என்று ஒரு சத்தம். ஓடை முழுக்க வெள்ளைப் புகை. புகை விலகியபோது சிலிண்டரின் தகடுகள் விரிசல் விட்டிருந்தன, கேன் காலி, உள்ளே இருந்த விந்துக் குழாய்கள் எல்லாம் உருகி வீண். ஆளைக் காணோமே என்று தேடிக்கொண்டு ஓடைவரை வந்திருந்த ஆரோக்கியம் அக்கா கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். அவர் கேட்டதைச் சூசை தலையைக் குனிந்துகொண்டு என்னிடம் ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தான். "வண்டிக்கு ஊசி போட்டுட்டீக, மாட்டுக்கு எப்ப சார் போடுவீக?"

சாளைச் சுவர்

வெயில்தான் வில்லன் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஐப்பசி மழையில் ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு வாரம் மாற்று வேலை பார்த்தபோது, குளிர்ந்த காற்றிலும் வண்டி கொதித்தது. ஒரு தோட்டத்தில், அந்தப் பக்கத்தில் சாளை என்கிற மண்வீட்டு வாசலில் நிறுத்திக் குனிந்து பார்த்தால், இன்ஜின் தகடுகளின் இடுக்கெல்லாம் செம்மண் அப்பிக் காய்ந்து கெட்டியாகிக் கிடந்தது. தோட்டத்துக்காரர் விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை உருவிக் கொடுத்தார். நான் நோண்டி நோண்டி எடுத்த மண் காலடியில் குவிவதைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார். "ஏனுங்க சார், இத்தன கெட்டியா எங்க சாளைச் செவுத்துக்கே நாங்க மண்ணு பூசலைங்களே."

புளியமரத்தடி

அந்த மழையெல்லாம் ஓய்ந்து வெயில் ஏறிய ஒரு நாள் காலையில் செவலை மறுபடி கத்தியது. இந்தத் தடவையும் விட்டால் மாடு சந்தைக்குத்தான் என்று அக்காவின் வீட்டுக்காரர் முடிவாகச் சொல்லிவிட்டதாகப் போனில் தகவல் வந்தது. நான் எல்லாம் பார்த்துத்தான் கிளம்பினேன். மண் சுரண்டியாகிவிட்டது, பெட்ரோலில் ஆயில் ஒரு மூடி கூடுதலாக ஊற்றியாகிவிட்டது, முன்னால் மறைப்பாக ஒரு நூல்கூட இல்லை. செம்பட்டி தாண்டும்வரை சத்தம் சீராக இருந்தது. ஆத்தூர் தாண்டியதும் காதை இன்ஜின் பக்கம் சாய்த்துக்கொண்டேன். ஓடைக்கு இறங்குகிற இடத்தில் இன்ஜின் சத்தம் மெலிந்து இறுகியது. கிளட்சைப் பிடித்துவிட்டேன். அதனால் பிஸ்டன் தப்பியது. ஆனால் வண்டி அதே புளியமரத்தடியில் நின்றது.

இப்போது உதைத்தால் பிஸ்டன் போய்விடும். ஆறட்டும் என்று விட்டால் பொழுது போய்விடும். கேனுக்குள் குச்சியை விட்டுப் பார்த்தேன், அடியில் நைட்ரஜன் கொஞ்சம்தான் மிச்சம். உறைந்த குழாயை உருக்குவதற்கு வெந்நீர் கொண்டுவந்த பிளாஸ்க்கும் குலுங்கலில் உடைந்திருந்தது. அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது? தோளில் கிடந்த துண்டை எடுத்து இன்ஜினுக்கு விசிறினேன். ஆமாம், விசிறினேன். சிரிக்காதீர்கள், நீங்களும் விசிறியிருப்பீர்கள்.

அப்போது மாடு கத்துகிற சத்தம் கேட்டது. பயத்தில் காதுக்குள் கேட்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஓடை மணலில் ஆரோக்கியம் அக்கா ஒரு கையில் சொம்பும் ஒரு கையில் கயிறுமாக வந்துகொண்டிருந்தார். பின்னால் செவலை.

மாட்டை மரத்தில் கட்டினார். சொம்புத் தண்ணீரை எனக்குக் குடிக்கக் கொடுத்தார். நான் பாதியைக் குடித்துவிட்டு மீதியை என் பெட்டியில் இருந்த டம்ளரில் ஊற்றி இன்ஜின் மேல் வைத்தேன். சீக்கிரமே வெதுவெதுப்பானது. குழாயை அதில் உருக்கி, ஊசியைப் போட்டு முடித்தேன். அத்தனை மாதத்தில் அந்த இன்ஜின் சூட்டால் எனக்குக் கிடைத்த ஒரே உபகாரம் அதுதான். அக்கா செவலையின் நெற்றியில் சிலுவை போட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு என் பெட்ரோல் டேங்கிலும் ஒன்று போட்டார்.

கத்துகிற மாட்டை வெயிலில் நடத்தக் கூடாது என்று ஊர் ஊராகச் சொல்லுகிறவன் நான். அன்றைக்கோ, இவ்வளவு தூரம் எப்படிக்கா கூட்டிவந்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார். "ஒங்க வண்டி எங்கன நிக்கும்னு எனக்குத் தெரியாதா சார், அதான் செவலைய இங்கனயே கூட்டியாந்துட்டேன்."

செவலைக்கு அந்த முறை சினை நின்று கிடேரிக் கன்று பிறந்தது என்றாலும், அதற்குப் பிறகு எந்த ஊரிலிருந்து போன் வந்தாலும் மாடு எப்போதிலிருந்து கத்துகிறது என்று கேட்பதோடு, அந்த மாட்டால் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்றும் நான் கேட்டு வைத்துக்கொண்டேன்.