குப்பித் தண்ணீரும் பானைத் தண்ணீரும்

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோரும் நற்கருணை அப்பமான நன்மை வாங்க எழுந்து போனபோது என் அம்மா எழவில்லை. முழங்காலில் இருந்தவள் அப்படியே இருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காய்ச்சலில் தள்ளாடிக்கொண்டு வந்து நன்மை வாங்கியவள் அவள். அப்பாவைப் புதைத்த மறுநாள் காலையிலும் வாங்கியவள். இடுப்பில் விரலால் குத்தி, "எந்திரிம்மா" என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள். பெண்கள் பக்கம் முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது. எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் பெரிய பாவம் ஒன்றை மனசில் வைத்துக்கொண்டிருப்பவர்கள்தான் அப்படி உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. சோழவந்தானுக்குப் பக்கத்தில் வைகைக் கரையோரம், வெற்றிலைக் கொடிக்கால்களை ஒட்டி எங்கள் வீடு. எனக்குப் பத்தொன்பது வயது, கோவில் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. அம்மா மருத்துவச்சி. மதுரையில் கன்னியாஸ்திரீகளிடம் பிரசவம் பார்க்கப் படித்தவள். சுற்றுப்பட்டியில் எந்தச் சாதி வீட்டில் வலி கண்டாலும் வண்டி எங்கள் வாசலுக்குத்தான் வரும். போகும்போது ஒரு செபமாலை சொல்லிக்கொண்டு போவாள், திரும்பும்போது இன்னொன்று. ஏன் இரண்டு என்று கேட்டால், "போறது தாய்க்கு, வாரது புள்ளைக்கு" என்பாள்.

அவள் நன்மை வாங்காததற்குக் காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கொடிக்கால்காரர் வீட்டுப் பிரசவத்தில் அவள் செய்ததை நான் கண்ணால் பார்த்திருந்தேனே.

கொடிக்கால்காரர் மனைவி அம்மாவுக்கு உயிர்ச் சிநேகிதி. அம்மாவை "யக்கா" என்பாள், அம்மா அவளைத் "தாயி" என்பாள். முதல் இரண்டு பிள்ளைகளும் வயிற்றிலேயே போய்விட்டன. மூன்றாவதற்கு வலி கண்ட அன்று அம்மாவின் வலது மணிக்கட்டு பிசகி வீங்கியிருந்ததால் என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பள்ளிக்கூடம் விடுமுறை. அவளால் முடியாதென்று அன்று காலையில் அவள் பெட்டியிலிருந்த கத்தரி, கிண்ணம், குப்பிகள் எல்லாவற்றையும் நான்தான் கழுவி வைத்திருந்தேன்.

உச்சி வேளையில் பிள்ளை பிறந்தது. ஆண். உடம்பெல்லாம் நீலம் பாரித்திருந்தது. சத்தமே இல்லை. அம்மா முதுகைத் தட்டினாள், வாயில் வாய் வைத்து ஊதினாள். மாமியார்க்காரி வெந்நீர் எடுக்க அடுப்படிக்கு ஓடினாள். பெற்றவள் மயக்கத்தில் கிடந்தாள். அம்மா பிள்ளையைச் சுளகில் கிடத்திவிட்டுப் பெட்டியிலிருந்து சின்னக் குப்பி ஒன்றை எடுத்தாள். சாய்த்தாள். ஒன்றும் விழவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு மூலையிலிருந்த மண்பானையில் கையை விட்டு ஒரு கை அள்ளிப் பிள்ளையின் தலையில் ஊற்றினாள். உதடு அசைந்தது. பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்து என்று எனக்குக் கேட்டது.

சாகக்கிடக்கிற பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சாமியார் வேண்டியதில்லை, அவசரத்துக்கு யாரும் கொடுக்கலாம், மனசறிந்து ஊற்றினால் எங்கள் வேதத்தில் சேராதவர் கொடுத்தாலும் செல்லும். இது எங்கள் பிள்ளைகள் ஏழு வயதில் ஒப்பிக்கிற பாடம். ஆனால் என் அம்மா அந்தத் தீர்த்தக் குப்பியோடுதான் ஊரான் வீட்டுக்குள் எல்லாம் போய் வந்துகொண்டிருந்தாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கண்ணுக்கு விடுகிற மருந்து என்று நினைத்து அன்று காலையில் அதைக் கொட்டிக் கழுவியவளும் நான்தான்.

நான் வாயைத் திறப்பதற்குள் சுளகில் கிடந்த பிள்ளை விலுக்கென்று உதறி மூச்சை இழுத்தது. பிறகு அழுதது. மாமியார்க்காரி வெந்நீரைப் போட்டுவிட்டு ஓடிவந்து குலவையிட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அம்மாவைப் பிடுங்கி எடுத்தேன். "யாரு வீட்டுப் புள்ளைக்கு யாரக் கேட்டு ஊத்துன? தெரிஞ்சா நாளைக்கு ஒரு வீட்டுலயும் உன்னைய வாசப்படி ஏத்த மாட்டாங்க. தெரியுமில்ல?" அன்று திரும்பும்போது அம்மா செபமாலை சொல்லவில்லை. அதற்கு வந்த ஞாயிறுதான் அவள் எழாமல் உட்கார்ந்திருந்த முதல் ஞாயிறு.

மூன்றாவது ஞாயிறு கழிந்து வந்த சனிக்கிழமை காலையில் சேலையை மாற்றிக்கொண்டு, "கொடிக்கால் வீட்டுக்குப் போறேன். சொல்லிட்டு வாரேன்" என்றாள்.

நான் வாசலை மறித்து நின்றேன். "உனக்கென்ன கிறுக்கா? சாமியார்கிட்ட பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணு, போதும். அவகிட்டச் சொன்னா அடுத்து ஒரு பய கூப்புட மாட்டான். புள்ள பெறுறவளுக அம்புட்டுப் பேரும் சாகட்டுமா?"

"நீ வாரதுன்னா வா. இல்லைன்னா பள்ளிக்கூடத்து நோட்டத் திருத்து."

போனேன். விட்டுவிட்டு எப்படி இருப்பது?

கொடிக்கால்காரி கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலையை நூறு நூறாக அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை தூளியில் தூங்கியது. அம்மா அவளுக்கு எதிரே உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னாள். "அன்னைக்கு இவன் தலையில நான் தண்ணி ஊத்துனேன் தாயி. அது எங்க வேதத்துல சேக்குற தண்ணி. உன்னையக் கேக்காம ஊத்திட்டேன்."

கொடிக்கால்காரி நிமிர்ந்து பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"அம்புட்டுத்தானா? நான் என்னமோன்னு பயந்துட்டேன். தல நனைஞ்சிருந்ததப் பாத்துட்டு, தண்ணி பட்டுத்தான் புள்ள முழிச்சான்னு எங்க அத்தை சொன்னாக. பொழைக்க வச்ச சாமி எந்தச் சாமியா இருந்தா என்னக்கா? எங்க குலசாமி கோவிச்சுக்கிட்டா ஒரு கெடாயக் குடுத்துச் சரிக்கட்டிருவோம்."

உள்ளேயிருந்து மாமியார்க்காரி வந்தாள். அவள் மகளுக்கு அது ஆறாம் மாதம். "அவளுக்கும் நீங்கதான் வந்து ஊத்தணும். பொறந்த ஒடனே ஊத்திருங்க, அழுவுற வரைக்கும் காக்க வேணாம்" என்றாள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தப்பித்தோம் என்று அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். வா, கிளம்பு என்று கண்ணைக் காட்டினேன். அம்மா எழவில்லை.

"இல்ல தாயி. அது பொழைக்கிறதுக்கு ஊத்துற தண்ணி இல்ல. பொழைக்காதுன்னு தெரிஞ்சா ஊத்துறது."

வெற்றிலை அடுக்கிய கை நின்றது. "அப்படின்னா?"

"மூச்சு வரல. தட்டிப் பாத்தேன், ஊதிப் பாத்தேன். போயிருச்சுன்னு கையெடுத்துட்டேன். மோச்சத்துக்காவது போகட்டும்னுதான் சுளகுல போட்டுத் தண்ணிய எடுத்தேன். குப்பியில தண்ணி இல்ல. இருந்திருந்தா மூணு சொட்டு விட்டுட்டு உன்னையப் பாக்கத் திரும்பியிருப்பேன். இல்லாமப் போயி, பானையில ஒரு கை அள்ளி ஊத்துனேன். அந்தப் பச்சத்தண்ணிக் குளுருக்குத்தான் தூக்கிப்போட்டு மூச்ச இழுத்தான். நான் பொழைக்க வைக்கல தாயி. நான் விட்டுட்டேன்."

அம்மா தன் கையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இத்தன வருசமா எத்தனையோ புள்ளைகளுக்கு மூணு சொட்டு விட்டுச் சுளகுல போட்டுட்டேன். ஒரு கை பச்சத்தண்ணிய அடிச்சுப் பாத்திருந்தா எதெது முழிச்சிருக்குமோ. எனக்குத் தெரியல."

மூன்று வாரமாக அவளை முழங்காலில் வைத்திருந்தது ஞானஸ்நானம் அல்ல, இது. எத்தனை பிள்ளைகள் என்று அவள் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் துணிவில்லை. நான் அந்தக் குப்பியைக் கழுவாமல் இருந்திருந்தால் தூளியில் தூங்குகிற பிள்ளை அங்கே இருந்திருக்காது என்பது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஏன் கையெடுத்த?" என்று கேட்டாள் கொடிக்கால்காரி. அதுவரை அவள் அம்மாவை நீ என்று சொன்னதில்லை.

"எந் தலைச்சன் புள்ளைய வீட்டுல யாருமில்லாம தனியாப் பெத்தேன். இவன மாதிரித்தான், நீலமா. மூச்சு வந்துரும் வந்துரும்னு தேச்சுக்கிட்டே இருந்தேன். தண்ணி ஊத்த நேரமில்லாமப் போயிருச்சு. ஞானஸ்நானம் இல்லாத புள்ளையக் கல்லற மதிலுக்கு உள்ள பொதைக்க மாட்டாங்க தாயி. வெளிய, முள்ளுக்குள்ள கெடக்கான். அதுக்கப்புறம் எந்தப் புள்ளைக்கும் நேரம் தப்பிறக் கூடாதுன்னு…"

எனக்கு ஒரு அண்ணன் இருந்தான் என்பதைப் பத்தொன்பது வயதில், இன்னொருத்தி வீட்டுக் கூடத்தில் வைத்துத் தெரிந்துகொண்டேன். கல்லறைத் திருநாளில் அப்பாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு, மதிலுக்கு வெளியே கருவேல முள்ளுப் பக்கம் போய் இன்னொன்று கொளுத்துவாள் அம்மா. யாருமில்லாத ஆத்துமாக்களுக்கு என்று சொல்லியிருந்தாள். நானும் நம்பி, காற்றில் அணையாமல் கை மறைத்துப் பிடித்திருக்கிறேன்.

"அதுக்காக எம்புள்ளைய நீ முன்கூட்டியே அனுப்பி வச்சிட்ட," என்றாள் கொடிக்கால்காரி.

"ஆமா தாயி."

அவள் எழுந்து தூளியிலிருந்து பிள்ளையை எடுத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். மாமியார்க்காரி எங்களைப் பார்க்காமல் வெற்றிலையைப் பொறுக்க ஆரம்பித்தாள். நாங்கள் வெளியே வந்தோம்.

அன்று சாயங்காலமே அம்மா சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாள். மறுநாள் நன்மை வாங்கினாள். எனக்கு அது பொறுக்கவில்லை. "அம்புட்டுத்தான், எல்லாம் தொடச்சாச்சு, இல்ல?" என்று கேட்டேன். பெற்றவளிடம் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அம்மா சோற்றுத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "ஆண்டவரு மன்னிச்சிட்டாரு. அவ மன்னிக்கணுமே" என்றாள்.

ஊரில் வதந்தி பரவும், வண்டி வருவது நின்றுவிடும் என்று காத்திருந்தேன். வண்டிகள் வந்துகொண்டேதான் இருந்தன. அந்த இரண்டு பெண்களும் ஒரு வார்த்தை வெளியே விடவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் கொடிக்கால்காரியே பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். நாத்தனாருக்கு வலி கண்டிருந்தது. முகத்தில் சிரிப்பில்லை. "வாங்க. ஒண்ணு மட்டும் சொல்லிப்புடுறேன். பெத்தவ போதும்னு சொல்ற வரைக்கும் நீங்க கையெடுக்கக் கூடாது" என்றாள்.

"எடுக்க மாட்டேன்."

"தண்ணி பானை நெறைய எடுத்து வச்சிருக்கேன். மொதல்ல மூச்சுக்கு ஊத்துங்க. மிச்சமிருந்தா, பெத்தவளக் கேட்டுட்டு, உங்க சாமிக்கு."

அம்மா பெட்டியைத் திறந்து அந்தக் குப்பியை எடுத்து மாடத்தில் வைத்துவிட்டுப் போனாள். நாத்தனார் பிள்ளை பிறக்கும்போதே தெருவே கேட்க அழுததாம். பானையைத் தொடவே இல்லையாம். அன்றிலிருந்து கொடிக்கால்காரி, கூப்பிட்ட வீடுகளுக்கெல்லாம் அம்மாவோடு போக ஆரம்பித்தாள். காவலுக்குப் போகிறாளா துணைக்குப் போகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணமாயிற்று. அதற்கடுத்த வருஷம் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தேன். என் பிள்ளையும் நீலமாகத்தான் வந்தது.

படுத்த இடத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். அம்மா தட்டினாள், ஊதினாள், பானைத் தண்ணீரை அள்ளி நெஞ்சில் அடித்தாள், மறுபடி தேய்த்தாள். ஒரு மூச்சு வந்தது. பிறகு வெகுநேரம் இல்லை. பிறகு ஒன்று. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் எதை நினைத்து நடுங்குகிறாள் என்று அங்கே என்னைத் தவிர ஒருத்திக்குத்தான் தெரியும், பானையருகில் நின்ற கொடிக்கால்காரிக்கு. மதிலுக்கு வெளியே இன்னொரு பிள்ளை.

"ஊத்திரும்மா," என்றேன்.

"நீ போதும்னு சொல்லல," என்றாள் அம்மா. கை நிற்கவில்லை.

என்னால் சொல்ல முடியவில்லை. எந்தத் தாயால் சொல்ல முடியும்?

அம்மா பிள்ளையின் நெஞ்சிலிருந்து கையை எடுக்காமலேயே திரும்பினாள். "தாயி, என் ரெண்டு கையும் வேலையா இருக்கு. நீ ஊத்து. நான் சொல்லச் சொல்லச் சொல்லிக்கிட்டே ஊத்து."

"நானா? எங் கையால ஊத்துனா செல்லுமாக்கா?"

"செல்லும். ஆண்டவருக்குன்னு நெனச்சு ஊத்து."

கொடிக்கால்காரி பானையில் அள்ளினாள். அம்மா சொல்ல, அவள் ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிச் சொன்னாள். இஸ்பிரீத்துசாந்து அவள் நாக்கில் புரளாமல் இரண்டு தரம் தடுக்கி மூன்றாம் தரம் வந்தது. அவள் ஊற்றினாள். அம்மா தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஓட்டு இடுக்கு வழியாக விழுந்த வெயில் பாயிலிருந்து சுவருக்குப் போகிற வரைக்கும் தேய்த்தாள். கடைசியில் நான்தான் சொன்னேன், "போதும்மா" என்று. அப்போதுதான் கையை எடுத்தாள்.

சாமியார் நோட்டைத் திறந்து, ஞானஸ்நானம் கொடுத்தது யார் என்று கேட்டார். அம்மா கொடிக்கால்காரியின் பெயரைச் சொன்னாள். அவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். ஊற்றும்போது கொடிக்கால்காரி சொன்ன வார்த்தைகளை ஒருமுறை கேட்டுக்கொண்டார். பிறகு எழுதினார்.

என் மகனை மதிலுக்கு உள்ளே, அப்பாவுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். தீட்டு என்று என்னை யாரும் தடுக்கவில்லை, தடுத்திருந்தாலும் போயிருப்பேன். கொடிக்கால்காரி உள்ளே வரவில்லை. மண் போட்டு முடித்துவிட்டு வெளியே வந்து பார்த்தபோது, அவள் தன் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு கருவேல முள்ளுப் பக்கம் நின்றிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும், "இதுல எந்த எடம்க்கா?" என்று கேட்டாள். அம்மா காட்டினாள்.