பேரை விழுங்கிய பெட்டி

மைக் சத்தத்தை அமுக்கும் அனலாக் கம்ப்ரஸர் வடிவமைப்பவனுக்கு ஆயுளில் பாதி சாலிடரிங் புகையில் போகும், மீதி "ஐயோ" என்பதில் போகும். சொந்தமாக எதையாவது செய்து விற்று, அது வாடிக்கையாளர் முன்னால் காலை வாரிவிட்ட அனுபவம் உங்களுக்கும் இருந்தால் நாம் ஒரே கட்சி.

என் பெட்டிக்குள் இரண்டு பேர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் லெவல் டிடெக்டர்; சத்தம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இன்னொருவர் வி.சி.ஏ.; முதலாமவர் அனுப்பும் வோல்டேஜுக்கு ஏற்ப வால்யூமைக் குறைப்பார். மைக்கில் எவர் கத்தினாலும் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில், கருகாது. திருவொற்றியூரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து இதைச் செய்கிறேன்.

என்னை நம்பி முதலில் வாங்கியவர் செல்வம், காசிமேட்டில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர். கத்துகிறவர்கள் புண்ணியத்தில் காயில்கள் கருகிக் கருகி, அவரிடம் மிஞ்சியது ஒரு ஜோடி ஸ்பீக்கர்தான். அதுவும் போனால் கடையை மூடிவிட்டு ஹார்பரில் கூலி வேலைக்குப் போகவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுத்தான் பெட்டியை எடுத்துப் போனார்.

மீட்டர் ஆடியது

ராயபுரத்தில் ஒரு காதுகுத்துக்குச் செல்வத்தோடு நானும் போயிருந்தேன். வி.சி.ஏ. ஐசியில் வோல்டேஜ் கொடுக்க இரண்டு கால்கள் உண்டு. ஒன்றில் கொடுத்தால் சத்தம் குறையும், இன்னொன்றில் கொடுத்தால் கூடும். நான் எதில் கொடுத்திருந்தேன் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. மேஜையில் சோதித்தபோது மீட்டர் முள் ஆடியது; வேலை செய்கிறது என்று மூடியை முடுக்கிவிட்டேன். முள் எந்தப் பக்கம் ஆடியது என்று பார்க்கத் தோன்றவில்லை.

ஆசாரி ஊசியை வைத்தார். பக்கத்தில் மைக் திறந்திருந்தது. குழந்தை வீறிட்டது. கத்தலை அமுக்கவேண்டிய பெட்டி அதைப் பல மடங்காக்கித் தெருவுக்கே அனுப்பியது. பந்தியில் இருந்தவர்கள் இலையை விட்டு எழுந்துவிட்டார்கள். செல்வம் பாய்ந்து வயரைப் பிடுங்கியதால் ஸ்பீக்கர் பிழைத்தது. குழந்தையை மடியில் வைத்திருந்த தாய்மாமா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னா சார், கொயந்த அயுவுதா, இல்ல ஹார்பர்ல கப்பல் ஊதுதா?"

எண்ணூர்க் காற்று

வயரிங்கைத் திருத்தினேன். அடுத்தது எண்ணூர் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில் அம்மன் திருவிழா. அமுக்கிய வால்யூம் மெதுவாகத் திரும்பி வருவதற்காக ஒரு கெப்பாசிட்டரில் வோல்டேஜைத் தேக்கி வைத்திருப்பேன். திருவிழா நாட்கள் முழுக்கப் பெட்டி கடலைப் பார்த்தபடி இருந்ததில், போர்டின் மேல் உப்பும் ஈரமும் படிந்து, தேக்கியதெல்லாம் அதன் வழியே கசிந்துவிட்டது. வால்யூம் எழுத்துக்கு எழுத்து ஏறி இறங்கியது. ஊர்த் தலைவர் வரவேற்புரை ஆற்ற, ஸ்பீக்கரில் ஆடு கத்துவதுபோல ஒரு நடுக்கம் வந்தது. தனக்குத்தான் ஏதோ வந்துவிட்டது என்று பயந்து தலைவர் தண்ணீர் கேட்டார். எனக்கும் ஒரு டம்ளர் தேவைப்பட்டது.

பெட்டியைத் திறந்தால் உள்ளே செம்பெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கிறது. போர்டுக்கு வார்னிஷ் பூசவேண்டும் என்று கடலோரத்திலேயே குடியிருக்கும் எனக்குத் தோன்றவில்லை. எட்டிப் பார்த்த மீன்கார அம்மா சொன்னார்: "இங்க இரும்பே பொடியாப் பூடுது. உன் பொட்டி மட்டும் இன்னா, கடலுக்கு சம்பந்தியா?"

பேரும் அடியும்

வார்னிஷும் பூசியாகிவிட்டது, இனி என்ன வந்துவிடப் போகிறது என்ற தெம்போடு போனது காசிமேட்டில் ஒரு சாவு வீட்டுக்கு. இறந்தவர் அஞ்சலை, செல்வத்தின் தெருக்காரர், மீன் ஏலத்தில் குரலுக்குப் பேர்போனவர். கானா பாடுகிறவர் அஞ்சலை வாழ்ந்த கதையைப் பாடிக்கொண்டே வந்து, ஒவ்வொரு அடியையும் அவர் பேரில் முடிப்பார். பேர் வரும் இடத்தில் மேளக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஓங்கி அடிப்பார்கள். அங்கே அதுதான் மரியாதை. இது தெரியாமல், பாட்டு மைக்கையும் மேள மைக்கையும் ஒரே பெட்டிக்குள் விட்டிருந்தேன். மேளம் அதிர்ந்ததும் டிடெக்டர் பதற, வி.சி.ஏ. மொத்தத்தையும் அமுக்கியது. பாட்டெல்லாம் தெளிவாகக் கேட்டது. அஞ்சலை என்ற பேர் மட்டும் கேட்கவில்லை. மறுபடியும் கேட்கவில்லை.

பாட்டு நின்றது. தெருவே என் பக்கம் திரும்பியது. அஞ்சலையின் மகள் கஸ்தூரி எழுந்து வந்தார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்; அவர் புரியாமல்தான் கேட்டார். "எங்கம்மா பேர மட்டும் உன் பொட்டி இன்னாத்துக்கு முயுங்குது?"

எனக்குச் செத்துவிடலாம்போல வெட்கமாக இருந்தது. செல்வம் பெட்டியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, மைக்குகளை நேராக ஆம்ப்ளிஃபயரில் சொருகினார். இந்த மேளம் நேராகப் போனால் காயில் தாங்காது என்று அவர் காதோரம் சொன்னேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "கருகுனா கருகட்டும் சார். அவங்க பேரு கேக்கணும்."

கடை திறந்திருந்தது

கேட்டது. அஞ்சலையின் பேர் தெருக்கோடி வரை கேட்டது. பாடை எடுக்கும்வரை தாக்குப்பிடித்த ஸ்பீக்கர்கள் அதன் பிறகு இரண்டுமே புகைந்து ஓய்ந்தன.

மேளத்துக்குத் தனிப் பெட்டி, பாட்டுக்குத் தனிப் பெட்டி, டிடெக்டருக்கு முன்னால் கனத்த அதிர்வைத் தடுக்க ஒரு சின்ன கெப்பாசிட்டர் என்று எல்லாம் செய்து எடுத்துக்கொண்டு, கடை பூட்டியிருக்கும் என்ற பயத்தோடு போனேன். கடை திறந்திருந்தது. கஸ்தூரி வீட்டாரே ஸ்பீக்கர்களை எடுத்துப் போய்ப் புதுக் காயில் போட்டுக் கொடுத்திருந்தார்களாம். செத்தவர் பேருக்காக ஸ்பீக்கரைக் கருகவிட்ட ஆள் என்று இப்போது அக்கம்பக்கத்தில் எல்லா விசேஷத்துக்கும் செல்வத்தைத்தான் கூப்பிடுகிறார்களாம். ஒரே ஒரு நிபந்தனை, அந்தப் பொட்டிக்கார சார் வரக் கூடாது. நான் வந்த வழியே திரும்பிப் போக அடியெடுத்து வைத்தேன். செல்வம் கையைப் பிடித்து நிறுத்தினார்: "பொட்டியக் குட்த்துட்டுப் போ சார், துணி போட்டு மூடி வெச்சிக்கிறேன். ஆனா உன்னுதுன்னு மட்டும் யாராண்டயும் சொல்லிக்காத."

இருப்பதே தெரியாமல் வேலை செய்வதுதான் நல்ல கம்ப்ரஸருக்கு அழகு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். அந்த விதி அதைச் செய்தவனுக்கும் உண்டு என்று காசிமேடு தீர்ப்புச் சொல்லிவிட்டது.